கயிற்றைச் சோதித்தவர்கள்

சேலஞ்சர் விண்வெளி ஓடம் புறப்பட்ட 73ஆம் நொடியில் சிதறி எழுவர் மாண்டு 40 ஆண்டுகள் நிறைந்த சில வாரங்களில், நம் இயற்பியல் ஐயா காலமான செய்தி டெக்சாசில் என்னை வந்தடைந்தது. அவரை நினைத்தால் அந்த விபத்துதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

1986 ஜூனில், வேப்பமரத்தடி வகுப்பில், விசாரணைக் குழுவின் அறிக்கை வந்திருந்த செய்தித்தாளை விரித்துக்கொண்டு, விண்வெளிக்குப் போகிறவர்களின் வீரம் எதில் இருக்கிறது என்று கேட்டார். சாவுக்கு அஞ்சாமையில் என்று எழுந்து முழங்கினேன். "உங்கொப்பன் கயித்தை இழுத்துப் பாக்காமயா கண்ணு கெணத்துல எறங்கறான்?" என்றார். என் தந்தை பாறைக்கு வெடி வைக்கக் கிணறுகளில் இறங்குபவர் என்பது, தோட்டங்காடு உள்ள வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த அவ்வகுப்புக்கு அன்றுவரை தெரியாது. சிரித்தவர்களில் சிலர் இம்மலரையும் படிப்பார்கள், நலமாக இருக்கட்டும்.

ஐயா அந்தச் சிரிப்பைக் கவனித்ததாகவே தெரியவில்லை. வலப்புறத் திண்ம எரிபொருள் ராக்கெட்டின் இணைப்பை அடைத்திருந்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்ததையும், அந்த ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தையகால் நிறுவனத்தின் பொறியாளர்கள் முந்தைய இரவே ஏவ வேண்டாமென்று வாதாடியதையும், மேலாளர்கள் அவர்களை மீறி ஒப்புதல் தந்ததையும் மணி அடித்த பின்னும் சொல்லிக்கொண்டிருந்தார். உயிரைப் பணயம் வைத்தவர்கள் எழுவர். அந்தக் கயிறு இற்றிருந்ததை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை என்பதே அவருடைய ஆத்திரம்.

2003 பிப்ரவரி 1 அன்று, கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவருடன் கொலம்பியா விண்வெளி ஓடம் இந்த டெக்சாஸ் வானத்தில் உடைந்தபோது, நடந்ததை விளக்கி எழுதுமாறு ஐயாவிடமிருந்து மடல் வந்தது. ஏவுகையில் பிய்ந்த நுரைக்காப்புத் துண்டு இடச் சிறகின் முன்விளிம்பைத் தாக்கியதையும், சுற்றுப்பாதையிலேயே சிறகைப் படமெடுத்துப் பார்க்கப் பொறியாளர்கள் கேட்டது நிறைவேறாததையும், புவிக்குத் திரும்புகையில் அந்த ஓட்டை வழியே வெங்காற்று புகுந்ததையும், ஆண்டு இறுதியில் அறிக்கைகளைப் படித்துவிட்டு இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். சிவப்பு மையில் ஒற்றுப்பிழை திருத்தி அதையே திருப்பி அனுப்பினார். "ஆபத்தில்லை என்று முடிவு செய்யப்பட்டது" என்ற வரியின் ஓரத்தில், "யார் செய்தார்கள்? பெயரோடு எழுது" என்றிருந்தது.

அடியில், அடுத்த ஆண்டு ஓய்வு பெறுவதாகவும், தம் இடத்துக்கு ஊர்க்காரன் ஒருவன் வந்தால் நன்றாயிருக்கும் என்றும் குறித்திருந்தார். நான் அப்போது இங்கே வீடு வாங்கியிருந்தேன். மனைவியிடம் படித்துக் காட்டி இருவரும் சிரித்தோம். ஐயா வேடிக்கையாக எதையும் எழுதுகிறவர் அல்லர் என்பது நம் எல்லாருக்கும் தெரியும்.