கார் ஜிபிஎஸ்ஸோடு புதையல் தேடலாமா?

காரில் ஒட்டி வைக்கும் பழைய ஜிபிஎஸ் கருவியைக் கழற்றிக்கொண்டு ஜியோகேஷிங் (யாரோ ஒளித்து வைத்த பெட்டியை ஜிபிஎஸ் எண்களை வைத்துத் தேடும் விளையாட்டு) போகலாமா என்று தம்பி ஒருவர் கேட்டார். தாராளமாகப் போகலாம். ஆனால் அந்தக் கருவிக்கு வீதியை விட்டு இறங்க மனம் வராது. நீங்கள் திருகோணமலையின் உப்புவெளி மணலில் நின்றாலும் நிலாவெளி வீதியில் நிற்பதாகவே காட்டப் பார்க்கும். நடந்து போகும் முறையோ 'ஆஃப் ரோட்' முறையோ இருந்தால் முதலில் அதற்கு மாற்றுங்கள்.

அதைவிட முக்கியம், எண்களை எழுதும் விதம். இந்த விளையாட்டில் இடத்தைப் பாகையும் தசம நிமிடமுமாகத் தருவார்கள்; ஒரு பாகைக்கு 60 நிமிடம். திருகோணமலை நகரம் ஏறக்குறைய வடக்கு 8 பாகை 34 நிமிடம். அதையே 8.34 பாகை என்று அடித்தால், கருவி உங்களைத் தெற்கே 25 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விடும். பாவம், அது சொன்னதைத்தானே செய்யும்!

சரியாக அடித்தாலும் சில மீட்டர் பிசகும். 2000 மே மாதத்துக்கு முன் அமெரிக்கா வேண்டுமென்றே ஜிபிஎஸ் சமிக்ஞையைக் கெடுத்து வைத்திருந்தது. பிழை 100 மீட்டர் வரை போகும். அதை நிறுத்திய சூட்டோடு, மே 3 அன்று ஒரேகனில் டேவ் உல்மர் என்பவர் இந்த விளையாட்டின் முதல் புதையலாக ஒரு வாளியை ஒளித்து வைத்தார்.

அப்புறம், கோணேசர் கோயில் போகும் வழியில் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. அங்கே புதரைக் கிளறினால் மான்கள்கூடச் சந்தேகமாகப் பார்க்கும். மார்கழி மழையிலும் வேண்டாம், கார் கருவிகள் பெரும்பாலும் தண்ணீர் தாங்காது. பற்றறியும் சீக்கிரம் இறங்கிவிடும், பவர் பேங்க் கொண்டுபோங்கள்.