நெல்லையில் வாடகைக்கு வீடு தேடுறீங்களா? முதல்ல மீட்டரைப் பாருங்க

பாளையங்கோட்டைப் பக்கம் வீடு தேடி வருகிறவர்கள் வாடகையைக் கேட்டுவிட்டுத்தான் மற்றதைக் கேட்கிறார்கள். அதற்கு முன்பே கேட்க வேண்டியது ஒன்று உண்டு: கரண்டுக்குத் தனி சர்வீஸா, ஓனர் தன் இணைப்பிலிருந்து பிரித்து வைத்த சப்-மீட்டரா?

மின்வாரியத்தில் தனி இணைப்பு இருக்கிற வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 150 யூனிட் ஓடினால் மீதி 50 யூனிட்டுக்கு மட்டும்தான் காசு. முந்நூறு ரூபாயைத் தொடாது. அதே 150 யூனிட் சப்-மீட்டரில் ஓடி, ஓனர் யூனிட்டுக்கு 9 ரூபாய் போட்டால் 1,350 ரூபாய். மாதத்துக்கு 500 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். கீழே ஓனர், மேலே இரண்டு போர்ஷன், எல்லாம் ஒரே சர்வீஸ் என்றால் இலவச 100 யூனிட்டும் ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டியதும் கட்டண அடுக்கே மாறி யூனிட் விலை கூடிவிடும். ஓனர் ஒன்பது ரூபாய் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். முழுக்கப் பேராசை என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் சப்-மீட்டர் வீட்டின் வாடகை 500 ரூபாய் குறைவாக இருந்தால்தான் அது தனி மீட்டர் வீட்டுக்குச் சமம். தனி மீட்டர் என்று சொன்னால் சர்வீஸ் நம்பரை வாங்கிப் பழைய பில்லைப் பாருங்கள். மோட்டார் எந்த மீட்டரில் ஓடுகிறது என்பதையும் கேளுங்கள். மூன்று குடித்தனத்துக்கான மோட்டார் உங்கள் மீட்டரில் ஓடுகிற வீடுகள் உண்டு.

அடுத்தது தண்ணீர். "தாமிரபரணித் தண்ணி வருது" என்பதோடு விட்டுவிடாதீர்கள். எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று கேட்க வேண்டும். மாநகராட்சிக் குழாய் நேரே சம்பில் விழுகிறதா, வாசலில் குடம் வைத்துப் பிடிக்க வேண்டுமா? இருவரும் வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு இரண்டாவது வகை ஒத்துவராது. கேன் தண்ணீர்ச் செலவு வந்து சேரும். போர் தண்ணீரைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பாத்ரூம் குழாய் முனையிலும் டைல்ஸ் ஓரத்திலும் வெள்ளையாகப் படிந்திருந்தால் உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, வாஷிங் மெஷினும் கீசரும் சீக்கிரம் பழுதாகும்.

வீட்டைப் பார்க்கச் சரியான நேரம் பிற்பகல் மூன்று மணி. தரகர்கள் காலையிலோ விளக்கு வைத்த பிறகோதான் கூட்டிப்போவார்கள். மொட்டைமாடிக்குக் கீழுள்ள வீடு என்றால் மேலே ஏறி, தட்டோடு பதித்திருக்கிறதா, வெறும் கான்கிரீட்டா என்று பாருங்கள். படுக்கையறையின் மேற்குச் சுவரில் கை வையுங்கள். அது அப்போதே சுட்டால் அக்னி நட்சத்திரத்தில் இரவு பத்து மணிக்கும் அடங்காது. ஏசி போட்டால் முன்னே சொன்ன 500 யூனிட் கணக்கு வந்து நிற்கும்.

ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்கு: 2023 டிசம்பர் 17, 18 மழையில் ஜங்ஷன் பேருந்து நிலையமும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசும் தண்ணீரில் நின்றன. ஆற்றை ஒட்டிய தெருக்களில் தரைத்தளம் பார்த்தால், "வெள்ளத்துல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று எதிர்வீட்டிலோ டீக்கடையிலோ கேளுங்கள். ஓனரிடம் கேட்டுப் பயனில்லை. புதுப் பெயிண்ட் அடித்த சுவரில் இடுப்பளவுக்குக் கீழே மட்டும் பொருக்குத் தட்டியிருந்தால் அதுவும் பதில்தான்.

ஏரியா விஷயத்தில், பெருமாள்புரம், மகாராஜநகர், தியாகராஜநகர் பக்கம் கேட்கிற வாடகைக்கு கேடிசி நகரிலோ வி.எம்.சத்திரத்திலோ ஒரு அறை கூடுதலாகக் கிடைக்கலாம். அதற்காகத் தினமும் பத்து கிலோமீட்டர் கூடுதலாக வண்டி ஓட்டினால் மாதம் 26 நாளைக்கு 260 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கொடுக்கிற ஸ்கூட்டரில் கிட்டத்தட்ட ஆறு லிட்டர் பெட்ரோல். வீட்டுப் பெண்கள் பஸ்ஸில் போகிறவர்கள் என்றால், மகளிருக்குக் கட்டணமில்லாத சாதாரண டவுன் பஸ் நிற்கிற இடத்தில் வீடு எடுப்பது நேரடி மிச்சம். டவுணிலும் பழைய பாளையிலும் இன்னும் வளவு வீடுகள், அதாவது ஒரே வாசலுக்குள் பல குடித்தனம் இருக்கிற வீடுகள், இருக்கின்றன. வாடகை குறைவு, ஆனால் கக்கூஸ் பொதுவா தனியா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது தேடுவது? மே, ஜூனில் பள்ளி, கல்லூரிக்கு இடம் மாறுகிற கூட்டம், பேரம் படியாது. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். காலியாகக் கிடக்கிற வீட்டுக்காரர் அப்போதுதான் ஐந்நூறு, ஆயிரம் இறங்குவார். ஆடியில் பேசி அட்வான்ஸ் கொடுத்து, ஆவணி முதல் தேதியிலிருந்து வாடகை என்று முடிப்பது இருவருக்கும் தோது.

தரகருக்கு ஒரு மாத வாடகை கமிஷன் என்றால் சாவி கைக்கு வந்த பிறகு கொடுங்கள். தரகரிடம் போவதற்கு முன்னால் அந்தத் தெருவின் பால்காரர், அயர்ன் வண்டிக்காரர், பலசரக்குக் கடைக்காரர் என்று ஒரு சுற்று விசாரித்துவிடுவது நல்லது. சாதி, கறி மீன், பேச்சிலர் என்று ஓனர்கள் கேட்கிற கேள்விகள் அருவருப்பானவைதான். இருந்தாலும் போனிலேயே தெரிந்துகொண்டால் வெயிலில் அலைச்சல் மிச்சம்.

ஒத்திக்கு வருவோம். 5 லட்சம் கொடுத்தால் மூன்று வருஷத்துக்கு வாடகை கிடையாது. அதே பணம் வங்கியில் 7 சதவீத வட்டிக்குக் கிடந்தால் வருஷம் 35,000, மாதம் 2,900 சொச்சம். அந்த வீட்டின் வாடகை 6,000 என்றால் ஒத்தி லாபம், கொடுத்த பணம் ஒழுங்காகத் திரும்பி வந்தால். சிக்கல் அங்கேதான். ஓனர் அந்தப் பணத்தை அன்றைக்கே வேறு கடனுக்குக் கட்டியிருப்பார். அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் உங்களுக்குப் பணம். வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானம் இருந்து ஏலத்துக்குப் போனால் நீங்கள் வங்கிக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பத்திரத்தை வங்கியில் வைத்ததைப் பதிவு செய்திருந்தால் அதில் தெரியும். ஒத்தி சட்டப்படி அடமானம். முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினால் போதாது, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அதற்கு ஓனர் மறுத்தால் வாடகைக்கே போய்விடுங்கள்.

வாடகை ஒப்பந்தம்: 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அட்வான்ஸுக்கு மூன்று மாத வாடகை என்று அளவு சொல்லியிருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்த அளவு உங்களைக் காப்பாற்றாது. ஆகவே பத்து மாத அட்வான்ஸை எழுத்தில் ஒத்துக்கொள்வதற்கு முன்னால் பேரம் பேசுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று வரி கட்டாயம் இருக்கட்டும்: வருஷத்துக்கு வாடகை எத்தனை சதவீதம் கூடும், காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், பெயிண்டுக்கு எவ்வளவு பிடித்தம். மூன்றாவதை எழுதாமல் விட்டால் காலி செய்கிற அன்று ஒரு மாத வாடகை சத்தமில்லாமல் போய்விடும். ஆபீசில் பழைய வரிமுறையில் வீட்டு வாடகைப் படிக்குக் கழிவு காட்டுகிறவர்கள், வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண் தேவை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சில ஓனர்கள் அதைக் கேட்டதுமே பின்வாங்குவார்கள்.

குடி போகிற அன்று சாமான் இறக்குவதற்கு முன்னால் மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், முன்பு இருந்தவர் ஓட்டிய யூனிட்டும் உங்கள் முதல் பில்லில் சேர்ந்துதான் வரும்.