வார்டிலேயே இதயம் நின்றால்: முதல் இரண்டு நிமிடமும் அதற்குப் பிறகும்

வார்டில் இருக்கும்போதே இதயம் நிற்கிற இதய நோயாளிக்கு ஒரு சாதகம் உண்டு. மானிட்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால் இதயத் துடிப்பு என்ன தாளத்தில் இருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். விஎஃப் (இதயத்தின் கீழறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்குவது) என்றாலோ நாடியில்லாத விடி (கீழறைகள் மிக வேகமாகத் துடித்தும் நாடி கிடைக்காதது) என்றாலோ மின்சார ஷாக் கொடுத்து மீட்க நல்ல வாய்ப்பு. அந்த வாய்ப்பு வீணாவது பெரும்பாலும் அற்பக் காரணங்களால்தான்.

முதலில் ஆளைப் பாருங்கள், திரையை அப்புறம். மானிட்டரின் லீட் (உடலில் ஒட்டும் கம்பி) கழன்றாலும் நேர்கோடு வரும். தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சில்லை என்றால் கழுத்து நாடியை 10 நொடிக்குள் பார்த்துவிட்டு, நாடி இல்லையென்றால் நெஞ்சை அமுக்கத் தொடங்க வேண்டும். வாயைத் திறந்து திறந்து திணறுவது மூச்சுக் கணக்கில் வராது.

ஆழம் 5–6 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 100–120. மெத்தை இங்கே ஏமாற்றும். அமுக்குவதில் ஒரு பங்கை அது விழுங்கிவிடும். முதுகுக்கடியில் பலகை வையுங்கள், காற்று மெத்தையானால் காற்றை இறக்குங்கள், குள்ளமானவர் ஸ்டூலில் ஏறட்டும். சோர்ந்தவர் நெஞ்சின் மேல் சாய்ந்தே நிற்பார். நெஞ்சு முழுதாக எழாவிட்டால் இதயத்துக்குள் ரத்தம் திரும்பாது. ஆகவே 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம், "எனக்கு முடியும்" என்பவருக்கும் சேர்த்து.

முதல் ஷாக் 2 நிமிடத்துக்குள் போய்விட வேண்டும். பைஃபேசிக் (மின்சாரம் இரு திசையிலும் பாயும்) ஷாக் கருவியில் தயாரிப்பாளர் சொன்ன அளவு (வழக்கமாக 120–200 ஜூல்), தெரியாவிட்டால் உச்ச அளவு. பட்டனை அழுத்தியும் ஷாக் போகவில்லையா? சிங்க் (இதயத்தின் அலையோடு சேர்த்தே ஷாக் விடும் அமைப்பு) அணைந்திருக்கிறதா பாருங்கள். விஎஃப்பில் பற்றிக்கொள்ள அலை இல்லாததால் கருவி சும்மா காத்து நிற்கும். பேஸ்மேக்கருக்கு 8 செ.மீ. தள்ளிப் பேட் (ஷாக் பாய்ச்சும் ஒட்டு), ஆக்சிஜன் முகமூடி ஒரு மீட்டர் அப்பால். சார்ஜ் ஏறும்போதும் அமுக்குங்கள். ஷாக் போனதும் நாடி தேடாமல் மறுபடி 2 நிமிடம்.

அட்ரினலின் 1 மி.கி., 3–5 நிமிடத்துக்கு ஒருமுறை. ஷாக்குக்கு இடமில்லாத தாளமென்றால் உடனே. மூன்று ஷாக்குக்கும் மசியாத விஎஃப்புக்கு அமியோடரோன் (தாளத்தைச் சீராக்கும் மருந்து) 300 மி.கி.

எல்லாரும் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். கேஸ் ஷீட்டைப் படிக்கத்தான் ஆள் இருக்காது. ஒருவரை அதற்கென்றே நிறுத்துங்கள். நீர் பிரிக்கும் மாத்திரையால் இறங்கிய பொட்டாசியம், அடைபட்ட ஸ்டென்ட், இதயத்தைச் சுற்றித் தேங்கிய ரத்தம் என்று காரணம் அங்கேதான் கிடக்கும்.

இதய அறுவை சிகிச்சை முடிந்து ஐசியூவில் இருப்பவர் விதிவிலக்கு. விஎஃப் என்றால் அமுக்குமுன் அடுத்தடுத்து மூன்று ஷாக் வரை தரலாம். பலிக்காவிட்டால் 5 நிமிடத்துக்குள் நெஞ்சைத் திறக்க வேண்டும். 1 மி.கி. அட்ரினலின் அவருக்கு ஆபத்து. துடிப்பு திரும்பியதும் எகிறும் ரத்த அழுத்தத்தில் தையல் பிய்யலாம்.

துடிப்பு வந்தபின் ஆக்சிஜன் 94–98 சதவீதம், சராசரி ரத்த அழுத்தம் 65க்குக் குறையாமல். அந்த நிமிடமே எடுக்கும் ஈசிஜி பொய் சொல்லும், சற்றுப் பொறுத்து இன்னொன்று எடுங்கள். காய்ச்சல் வரவிடாதீர்கள். கண் திறக்கவில்லை என்று உறவினர்கள் மறுநாளே கேட்பார்கள். மயக்க மருந்து முழுக்க இறங்காமல், 72 மணி நேரம் கழியாமல் மூளையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.