கூம்புத் தொட்டியும் ராகி மில்லும்

ஜூலை 30, புதன்

மில்லை மூடப்போகிற நேரத்தில் அக்கா மகள் நோட்டோடு வந்து நின்றாள். பிளஸ் டூ. "மாமா, நீங்க பிஎஸ்சி மேத்ஸ்தானே?" படித்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது என்பதை நான் சொல்லிக்கொள்ளவில்லை.

கணக்கு இது. தலைகீழ்க் கூம்பு வடிவத் தொட்டி, உயரம் 6 மீட்டர், மேல்வாயின் ஆரம் 2 மீட்டர். நிமிடத்துக்கு 2 கன மீட்டர் தண்ணீர் விழுகிறது. ஆழம் 3 மீட்டராக இருக்கும்போது நீர்மட்டம் என்ன வேகத்தில் ஏறும்?

கல்லாப்பெட்டி மேலேயே போட்டுப் பார்த்தேன். ஆரம் 2, வர்க்கம் 4, வட்டத்தின் பரப்பு 4 பை. 2-ஐ அதால் வகுத்தால் நிமிடத்துக்கு 0.16 மீட்டர். அவள் ஏற்கெனவே போட்டு வைத்திருந்த விடை 1.91. புத்தகத்தின் கடைசியில் இருப்பது 2/பை, அதாவது ஏறக்குறைய 0.64. மாமனும் மருமகளும் ஆளுக்கொரு திசையில் தப்பு. "நாளைக்குப் பாக்கலாம் கண்ணு" என்று அனுப்பிவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஜூலை 31, வியாழன்

காலையில் பென்னாகரம் பஸ்ஸுக்குப் போகவேண்டிய ஆயா ஒருவர் ராகி அரைக்க வந்திருந்தார். மெஷின் மேலே இருக்கும் தகரத் தொட்டியை எட்டிப் பார்த்து, "இன்னும் பாதி கெடக்குதேப்பா, பஸ்ஸு போயிரும்" என்று புலம்பினார். "பாதி இல்ல ஆயா, இப்ப முடிஞ்சிரும்" என்றேன். சொன்ன மாதிரியே முடிந்தது. இதைப் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஏன் என்று யோசித்ததே இல்லை.

எங்கள் தொட்டி சதுர வாய், அடி வரைக்கும் குறுகிக்கொண்டே போகும். பாதி ஆழத்தில் நீளமும் பாதி, அகலமும் பாதி. அப்படியானால் மிச்சம் இருக்கும் ராகி பாதி இல்லை, கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்குதான்! கல் அரைப்பது ஒரே சீராகத்தான். மேலே இருக்கும்போது மட்டம் நகருவதே தெரியாது, அடிக்கு வந்ததும் சரசரவென்று இறங்கிவிடும்.

என் தப்பு அங்கேயே புரிந்துவிட்டது. கூம்பை நான் டிரம்மாக நினைத்து மேல்வாயின் ஆரத்தைப் போட்டிருக்கிறேன். 3 மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் ஆரம் 1 மீட்டர்தான். ஆரம் பாதி என்றால் பரப்பு கால்வாசி. அதனால்தான் என் விடை நாலில் ஒரு பங்காகப் போனது.

சாயங்காலம் அவள் தப்பைத் தேடினோம். ஆரம் 1 என்று சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறாள். ஆனால் வகையிடுவதற்கு (அதாவது மாறும் வேகத்தைக் கண்டுபிடிப்பதற்கு) முன்னாலேயே அதைக் கூம்பின் கன அளவுச் சூத்திரத்தில் (பை × ஆரம்² × உயரம் / 3) போட்டுவிட்டாள். போட்டதும் ஆரம் மாறாத எண்ணாகி உறைந்துவிட்டது; உயரம் மட்டும் தனியாக ஏறுகிறது. நிஜத்தில் இரண்டும் சேர்ந்தே வளரும். வடிவொத்த முக்கோணத்தின்படி ஆரம் எப்போதும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதை வைத்து எழுதினால் கன அளவு = பை × உயரம்³ / 27. இப்போது வகையிட்டால் அந்த முப்படியிலிருந்து ஒரு 3 இறங்கி வரும். அவளுக்கு அது வரவே இல்லை, அதனால் விடை மூன்று மடங்கு வீங்கிவிட்டது. கடைசியில் உயரத்துக்கு 3 போட்டோம்: பை × வேகம் = 2. வேகம் 2/பை.

"அப்போ தண்ணியோட மேல்பரப்பை ஏறுற வேகத்தால பெருக்கினா, விழுற தண்ணி. அவ்வளவுதானா மாமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். எனக்கு இதைக் கல்லூரியில் யாரும் இப்படிச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. மில் லீவு. ஊரே ஒகேனக்கல்லுக்குப் போய்விட்டது. கூட்டத்துக்குப் பயந்து நாங்கள் போகவில்லை. டிவியில் காவிரி நீர்வரத்தை "விநாடிக்கு இத்தனை கன அடி" என்று வாசித்தபோது, "மாமா, இது கன அளவு மாறுவீதம்" என்றாள். 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கன அடி, சேரும் என்று போட்டுக் காட்டினேன். மேட்டூர் அணையும் நம் தொட்டி ஜாதிதான். அடியில் கிடக்கும்போது மளமளவென ஏறுகிற மட்டம், 120 அடியை நெருங்க நெருங்க, அதே நீர்வரத்துக்கு அங்குலம் அங்குலமாகத்தான் ஏறும். மேலே தண்ணீர் பரந்து கிடக்கிறதே.

அக்கா, "நோம்பி அன்னைக்குமா கணக்கு?" என்று டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

ஆகஸ்ட் 6, புதன்

நோட்டு திருத்தி வந்திருக்கிறது. ஐந்துக்கு நாலரை. விடைக்குப் பக்கத்தில் மீட்டர்/நிமிடம் என்று போடவில்லையாம். அந்தக் கடைசி வரி என் கையெழுத்து.