பேருக்கு எவ்வளவு, புல்லுக்கு எவ்வளவு

கோல்ஃப் மைதானம் போட்டு அதைச் சுத்தி வீட்டு மனை விக்கற எங்க ப்ராஜெக்ட்டுக்கு, மைதானத்தை வரைய ஒரு பெரிய டிசைனரை வைக்கலாமான்னு மீட்டிங். "அவர் பேரை எடுத்துட்டா இந்த மனை எவ்வளவுக்குப் போகும்?"னு ஃபைனான்ஸ் மேடம் கேட்டாங்க. "அவர் பேர் இல்லேன்னா இந்த மீட்டிங்கே நடந்திருக்காது மேடம்"னேன். எல்லாரும் சிரிச்சாங்க, கோல்ஃப் டிசைனரோட ஃபீஸ் பாஸ் ஆயிடுச்சு. மேடம் மட்டும் சிரிக்கல, பேனாவை மூடி வச்சுட்டாங்க. அதுதான் இன்னும் உறுத்துது.

நான் சொன்னது பொய்யும் இல்ல. வெறும் மண்ணா கிடக்கிறப்போ முதல் மனைகளை வித்தாகணும், அப்போ வாங்க வர்றவர்கிட்ட காட்ட ஒரு வரைபடமும் ஒரு பேரும்தான் இருக்கு. பேர் பெருசா இருந்தா புக்கிங் சீக்கிரம் வருது, பேங்க்காரங்களும் கொஞ்சம் நிமிர்ந்து உக்காந்து கேக்கறாங்க, சீக்கிரம் வித்தா வட்டி மிச்சம். அது காசு இல்லையா? காசுதான். ஆனா அவங்க வேகத்தைக் கேக்கல, விலையைக் கேட்டாங்க.

என் எக்செல் ஷீட்ல 'டிசைனர் பிரீமியம்'னு, அதாவது டிசைனர் பேருக்காகக் கூடுதலா வர்ற விலைன்னு, தனி காலம் (column) இருந்துச்சு. பெரிய டிசைனர் போட்ட இடங்களோட விலையையும் மத்த இடங்களோட விலையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, வித்தியாசத்தை அந்த காலத்துல போட்டிருந்தேன். இந்தத் தொழில்ல எல்லாரும் அப்படித்தான் போடறோம். ஆனா பெரிய ஆளைக் கூட்டிட்டு வர்ற டெவலப்பர் நிலமும் நல்லதா பாத்துதானே வாங்குவார், கிளப் ஹவுஸ்ல காசை இறைப்பார், புல்லுக்குத் தண்ணி விட ஆள் வைப்பார். அத்தனையும் சேர்ந்து ஏத்தின விலை மொத்தமும் பேரோட கணக்குல போய் உக்காந்துக்குது. அதுபோக ஒரே லேஅவுட்ல ஃபேர்வேயை (பந்து அடிச்சுட்டுப் போற நீளமான புல்வெளி) பாத்து இருக்கிற மனைக்கும் பின்னாடி ரோட்டு மனைக்கும் உள்ள வித்தியாசம் எதிர்ல பச்சையா திறந்த வெளி இருக்கிறதுக்கு. யார் வரைஞ்சாலும் அது வந்திருக்கும்.

மீட்டிங்ல நான் காட்டின உதாரணம் ஹார்பர் டவுன்ங்கற கோல்ஃப் கோர்ஸ் (மைதானம்). அமெரிக்காவுல ஹில்டன் ஹெட் தீவுல 1969-ல திறந்தது, சீ பைன்ஸ் குடியிருப்போட சேர்ந்தது. பீட் டை டிசைன், கூட ஆலோசகரா பிரபல கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லாஸ். ஆனா அப்போ பீட் டை இன்னிக்கு நாம நினைக்கிற பிரபல டிசைனர் பீட் டை இல்லையே, அவரைப் பெரிய ஆளாக்கினதுல அந்த கோர்ஸுக்கே பெரிய பங்கு. திறந்த வருஷமே அங்க நடந்த முதல் போட்டியில நட்சத்திர வீரர் ஆர்னால்ட் பாமர் ஜெயிச்சார். அப்புறம் பக்கத்துல கடல், அங்க இருக்கிற கலங்கரை விளக்கம், டிவியில காட்டினது. இதுல மனையை வித்தது எதுன்னு பிரிக்கச் சொன்னா என்னால முடியாது. அன்னிக்கு மட்டும் பிரிச்சு எழுதிட்டேன்.

இன்னொரு சிக்கலையும் அன்னிக்கு நான் எடுக்கல, எடுக்க வேண்டிய இடமும் அது இல்லைன்னு வச்சுக்கோங்க. 18 ஹோல் (பந்தைப் போடற குழி) இருக்கிற முழு கோர்ஸுக்கு 150 ஏக்கர் மாதிரி போயிடும். நாம ஃபேர்வே ரெண்டு பக்கமும் வீடு கேப்போம், பந்து கண்ணாடியில விழாம இருக்க நடுவுல 300 அடியாவது விடணும், அப்போ கோர்ஸ் நீள நீளமா சந்து மாதிரி ஆகும். நல்ல டிசைனருக்கு அது பிடிக்காது. விமர்சகர்கள் கொண்டாடற சேண்ட் ஹில்ஸ், பேண்டன் டூன்ஸ் மாதிரி அமெரிக்க கோர்ஸ்கள்ல ஃபேர்வே ஓரமா வீட்டு வரிசையே கிடையாது. 1999-ல பேண்டன் திறந்தப்போ அதைப் போட்ட டேவிட் மெக்லே கிட் பேர் அதிகம் தெரியாத இளைஞர் வேற. அப்போ நாம வாங்கினது நம்ம டிசைனரோட திறமையையா, கையெழுத்தையா? நிக்லாஸ் ஆரம்பிச்ச டிசைன் கம்பெனியிலயே அவர் நேரடியா இறங்கிப் போட்டதை 'சிக்னேச்சர்'னு (கையெழுத்து) தனி வகையா வித்தாங்க, அவங்களுக்கு இது தெளிவாத்தான் இருந்துச்சு.

சரி, கோர்ஸே இழுத்து மூடிட்டா? அமெரிக்காவுல 2006-லேர்ந்து பல வருஷம் திறந்ததைவிட மூடினதுதான் அதிகம். புல்லு காஞ்சா ப்ரோஷர்ல இருக்கிற பேர் தண்ணி ஊத்தாது.

இவ்வளவு யோசிச்சும், யாராவது கேட்டா பெரிய ஆளையே போடுங்கன்னுதான் சொல்றேன். கூடவே, அந்த ஃபீஸை மனை விலையில ஏத்தாம விளம்பரச் செலவுல எழுதுங்கன்னும் சொல்றேன். அங்கதான் முதலாளிகளுக்கு மூஞ்சி மாறுது. விலையில ஏத்தினா வாங்கறவர் காசு, விளம்பரம்னா அவங்க கைக்காசு.