கதவருகே நின்று எண்ணிய ஒரு நிமிடம்

டெக்சாஸில் நர்சிங் பட்டப்படிப்பின் கடைசி செமஸ்டரில் இருந்தேன். குழந்தைகள் வார்டில் சேர விரும்பினால் பட்டம் கைக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பது அப்போதுதான் தெரிந்தது. படிப்பு முடிவது மே மாதம். கோடையில் தொடங்கும் ரெசிடென்சிக்கான விண்ணப்பங்களோ குளிர்காலத்திலேயே திறந்துவிட்டன. சில மருத்துவமனைகளில் பத்து நாள்கூடத் திறந்திருக்கவில்லை.

ரெசிடென்சி என்பது புதிதாகப் படித்து முடித்த நர்ஸுக்குச் சம்பளத்தோடு தரும் பயிற்சி, பெரும்பாலும் ஓராண்டு. முதல் சில மாதங்கள் பிரிசெப்டர் என்கிற மூத்த நர்ஸ் கூடவே இருப்பார்.

முதலில் அனுப்பிய விண்ணப்பங்கள் எதிலும் நேர்காணலுக்கு அழைப்பு வரவில்லை. 'குழந்தைகள் என்றால் எனக்கு உயிர்' என்று கடிதத்தைத் தொடங்கியிருந்தேன். அது உண்மைதான். ஆனால் விண்ணப்பிக்கிற எல்லோருக்கும் அது உண்மை. வார்டுப் பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த நர்ஸ் கடிதத்தைப் படித்துவிட்டு, "அந்த ஐந்து மாதக் குழந்தையைப் பற்றி ஏன் எழுதவில்லை?" என்று கேட்டார்.

அது, சின்னக் குழந்தைகளின் மூச்சைப் பாதிக்கும் ஆர்எஸ்வி வைரஸ் பரவும் காலம். நுரையீரலின் சின்னக் காற்றுக்குழாய்களில் அழற்சியோடு வந்திருந்த குழந்தை அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டு நேராக உள்ளே போகப் பார்த்தேன். அந்த நர்ஸ் என்னைக் கதவருகிலேயே நிறுத்தினார். "தொட்டால் அழும். அழுதால் மூச்சைச் சரியாக எண்ண முடியாது. முதலில் பார்" என்றார். அம்மாவிடம் சட்டையை மெல்லத் தூக்கச் சொன்னோம். ஒரு முழு நிமிடம் எண்ணினேன்: 68. அந்த வயதுக்கும் அது அதிக வேகம். மூக்கு விடைத்தது, விலா இடுக்கில் தோல் உள்ளே இழுத்தது. மானிட்டரில் ஆக்சிஜன் அளவு மட்டும் 94 சதவீதம் என்று நன்றாகவே காட்டிக்கொண்டிருந்தது. சுவாச சிகிச்சையாளரை அழைத்து, மூக்குச் சளியை உறிஞ்சி எடுத்ததும் மூச்சு கொஞ்சம் அடங்கியது.

இரண்டாம் சுற்றில் இதைத்தான் எழுதினேன். நேர்காணலிலும் மூன்று பேர் எதிரே உட்கார்ந்து அதையே துருவிக் கேட்டார்கள்: சூழல் என்ன, உன் பங்கு என்ன, பிறகு என்ன ஆனது. இப்போது படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது, ஒவ்வொரு ஷிப்ட் முடிந்ததும் இப்படி ஒரு சம்பவத்தை, பெயரோ அடையாளமோ இல்லாமல், நான்கு வரி எழுதி வையுங்கள். கேள்வி வரும்போது யோசித்தால் வராது.

எங்கள் மருத்துவமனையில் வேலை உறுதியானாலும் சேரும் முன் நர்ஸ் உரிமம் வேண்டும். அதற்கான என்கிளெக்ஸ் என்ற கணினித் தேர்வில் 85 முதல் 150 கேள்விகள் வரை, நம் பதில்களைப் பொறுத்து எங்கே வேண்டுமானாலும் நிற்கும். எனக்கு 85-லேயே திரை அணைந்தது. தேர்ச்சி என்று தெரியும்வரை தூக்கமில்லை. டெக்சாஸில் நர்சிங் சட்டம் பற்றித் தனியாக இன்னொரு தேர்வும் உண்டு. அதைக் கடைசி நேரம்வரை தள்ளிப் போடாதீர்கள்.

ஜூலையில் சேர்ந்தோம். முதலில் வகுப்புகள், குழந்தைகளுக்கான உயிர்காப்புப் பயிற்சி, அப்புறம் மருந்துக் கணக்கு. இங்கே எல்லாமே எடையில் நிற்கிறது. 8 கிலோ குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து, கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 120. ஐந்து மில்லிலிட்டரில் 160 மில்லிகிராம் உள்ள மருந்தில் அது 3.75 மில்லிலிட்டர். வீட்டில் பவுண்டில் சொல்லிப் பழகிய எடையை அப்படியே கிலோ என்று பதிந்துவிட்டால் மருந்து இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். அதனால் அமெரிக்காவிலும் வார்டில் கிலோ மட்டும்தான். டயப்பரைக்கூட எடை போடுகிறோம், ஒரு கிராம் கூடினால் ஒரு மில்லிலிட்டர் சிறுநீர்.

ஓர் இரவு தமிழ்க் குடும்பம் ஒன்று வந்தது. பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. மருத்துவ விஷயங்களை நான் மொழிபெயர்க்கக் கூடாது, அதற்குத் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்பது விதி. அது சரியான விதி. ஒரு சொல் மாறினாலும் ஆபத்து. எல்லாம் முடிந்ததும் "சாப்பிட்டீங்களா பாட்டி?" என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

பத்தாவது வாரம், முதல் முறையாகப் பிரிசெப்டர் என்னை முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் நின்றார். ஏழு மாதக் குழந்தை, அப்பா தோளில் தூக்கம். கதவருகே நின்று ஒரு நிமிடம் எண்ணினேன். 44. தோல் எங்கும் உள்வாங்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு உள்ளே போனேன்.