சீட் பேஸ் துரு: கெடுதல் மேலிருந்துதான் வருகிறது

பழைய பைக்கை எடுத்து வேலை பார்க்கிறவர்களுக்கு எஞ்சின் மேல்தான் கண். சீட் கிழிந்திருந்தால் ரெக்சின் மாற்றினால் போச்சு என்று விட்டுவிடுவார்கள். ரெக்சினை உரித்தால்தான், ஃபோமுக்கு அடியில் அதைத் தாங்குகிற தகரத் தட்டான சீட் பேஸின் கதை தெரியும். என் பைக் சீட்டைக் கவிழ்த்துப் பார்த்தபோது அடிப்பக்கம் கருப்பு பெயின்ட்டோடு ஓரளவு நன்றாகவே இருந்தது. ஃபோமைத் தூக்கினால் மேல்பக்கம் முழுக்கத் துரு. பின்பக்க போல்ட் வரும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தியதும் முனை மறுபக்கம் வந்துவிட்டது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பின்சக்கரம் வாரியடிக்கிற தண்ணீர்தான் சீட் பேஸைக் கெடுக்கிறது என்று நினைப்போம், அது பாதிதான் உண்மை. அடியில் படும் தண்ணீர் காற்றில் காய்ந்துவிடும். மேலே தையல் ஓட்டை வழியாக இறங்குகிற தண்ணீர் ஃபோமுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் அதற்குப் போக்கிடமே கிடையாது, மழை விட்டு நாள் கணக்கில் ஆன பிறகும் தகரத்தின் மேல் ஈரத்துணியைப் போர்த்தி வைத்த நிலைமைதான். அதனால் இந்த வேலையில் நிஜமான கவனம் மேல்பக்கத்துக்குத்தான் வேண்டும். ஃபோம் மூடிவிடப் போகிற இடம்தானே என்று அங்கே ஒரு கோட் பெயின்ட்டை இழுத்துவிட்டு, வெளியே தெரியாத அடிப்பக்கத்தைப் பளபளவென்று ஆக்கி போட்டோ எடுப்பார்கள். எனக்கு அந்தக் கணக்கு புரிவதில்லை.

சரி, கழற்றுவது. பழைய ஃபோம் துருவோடு ஒட்டிக்கிடக்கும், கையால் பிய்த்தால் துண்டு துண்டாகத்தான் வரும். ஹாக்சா பிளேடை பேஸை ஒட்டிப் படுக்கையாக வைத்து மெதுவாக அறுத்தால் முழுசாக வந்துவிடும். திரும்பப் போடப் போவதில்லை என்றாலும் தூக்கிப் போடாதீர்கள், புது ஃபோமுக்கு அதுதான் அளவு. ரெக்சினைக் கவ்விப் பிடிக்கிற கூரான பற்களை ரெக்சின் கழன்று வரும் அளவுக்கு மட்டும் நிமிர்த்துங்கள். பழைய தகரம், மடக்கி மடக்கி நிமிர்த்தினால் முறிந்துவிடும்.

துருவை எடுக்க கிரைண்டரில் வயர் கப் (கிண்ண வடிவக் கம்பி பிரஷ்) போட்டால் சமதளம் எல்லாம் சீக்கிரம் சுத்தமாகிவிடும். பிரச்சினை, பலத்துக்காக அழுத்தியிருக்கிற பள்ளங்களிலும், பிராக்கெட்டை பேஸோடு ஸ்பாட் வெல்டு அடித்திருக்கிற இரட்டைத் தகட்டு இடுக்கிலும்தான். மணல் பாய்ச்சலாம், ஆனால் இவ்வளவு மெல்லிய தகரத்தில் அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் நெளிந்துவிடும். எனக்குப் பிடித்தது எலக்ட்ரோலிசிஸ், அதாவது தண்ணீரில் மூழ்கவைத்து மின்சாரம் பாய்ச்சித் துருவைக் கழற்றுவது. பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் கொஞ்சம் வாஷிங் சோடா, ஒரு 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், அவ்வளவுதான். மைனஸ் சீட் பேஸுக்கு, பிளஸ் ஏதாவது ஓர் உதவாத இரும்புத் துண்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் கரையப் போவது உங்கள் சீட் பேஸ். பிளஸ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டும் வேண்டவே வேண்டாம், அதிலிருந்து தண்ணீரில் கலக்கும் குரோமியம் நச்சு. ஹைட்ரஜன் வாயுவும் வெளியேறும் என்பதால் திறந்தவெளியில், நெருப்புப் பொறி எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள். இரும்புத் துண்டு எந்தப் பக்கத்தைப் பார்த்து நிற்கிறதோ அந்தப் பக்கம்தான் சீக்கிரம் சுத்தமாகும், நடுநடுவே திருப்பிவிட வேண்டும். வெளியே எடுத்துக் கழுவினால் கண் முன்னாலேயே லேசாகப் பழுப்பேறும், பயப்பட வேண்டாம், உடனே காயவைத்துத் தேய்த்தால் போய்விடும்.

துருவைக் கறுப்புப் படலமாக மாற்றுகிற திரவமான ரஸ்ட் கன்வெர்ட்டர் பற்றி ஒரு வார்த்தை. குழிக்குள் ஒட்டியிருக்கும் மிச்சத் துருவுக்கு அது நல்ல மருந்து. உதிர்கிற துருவின் மேல் தடவினால் மேல்தோல் கறுக்கும், அடியில் துரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

ஓட்டை விழுந்த இடத்தில் நல்ல தகரம் வரும்வரை தைரியமாக வெட்டுங்கள். ஓரத்தில் மெலிந்த தகரத்தை விட்டுவைத்தால் வெல்டிங் வைக்கும்போது அதுவும் உருகி ஓட்டை பெரிதாகும். ஒட்டுப்போட ஒரு மில்லிமீட்டர் வெறும் இரும்புத் தகடு போதும். ஜி.ஐ. ஷீட் என்றால் வெல்டு அடிக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சை முழுக்கத் தேய்த்து எடுத்துவிட வேண்டும், அந்தப் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும். ஒரே இழுப்பில் அடிக்காமல் இங்கே ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி என்று தள்ளித் தள்ளி வையுங்கள், இல்லையென்றால் பேஸ் முறுக்கிக்கொள்ளும். நாலு புள்ளி வைத்ததும் பைக்கில் உட்காரவைத்து சீட் லாக் விழுகிறதா, போல்ட் துளை நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மீதி. ஃபைபர் கிளாஸை ரெசினோடு ஒட்டி முடித்துவிடலாம் என்பார்கள். நடுவில் சின்னச் சின்ன ஓட்டைக்குச் சரி, ஆள் கனம் இறங்குகிற போல்ட் பக்கத்தில் நான் நம்பமாட்டேன்.

பட்டி பூசாதீர்கள், வளைந்து கொடுக்கிற தகட்டில் அது விரிசல் விடும். இரண்டு பக்கமும் எபாக்சி பிரைமர், தகடு மேல் தகடு வரும் இடுக்குகளில் சீலன்ட், அதற்கு மேல் பெயின்ட். தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் வடிகால் துளை இருந்தால் அதை அடைத்துவிடாதீர்கள். ஃபோமுக்கும் ரெக்சினுக்கும் நடுவே மெல்லிய பாலிதீன் ஷீட் ஒன்றைப் போட்டால் தையல் வழியாக இறங்குகிற தண்ணீர் ஃபோமைத் தொடாது. பற்களை மடக்கும்போது அடிமடிப்பில் பெயின்ட் கட்டாயம் உரியும், அங்கே பிரஷால் மறுபடி தொட்டுவிடுங்கள். முறிந்த பற்களுக்குப் பதில் வாஷர் வைத்து பாப் ரிவெட் அடித்தாலும் ரெக்சின் நிற்கும்.

அப்புறம், அடியில் இருக்கும் ரப்பர் புஷ்களையும் மாற்றிவிடுங்கள். பழையது கல்லாக இறுகியிருக்கும், ஒன்றிரண்டு காணாமலே போயிருக்கும், அப்போது கனம் முழுக்க ஒரே மூலையில் இறங்கி புதிதாக வெல்டு வைத்த இடத்திலேயே விரிசல் விடும்.